12 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதுமா? தொலைநோக்கி மவுண்டுக்கு எந்த மின்சாரம் தாங்கும்

தொலைநோக்கியைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் மவுண்டுக்கு, சில நட்சத்திரங்களைக் காட்டி வானத்தின் திசையைப் பழக்கும் அலைன்மென்ட் முடிந்தது. வானத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்துகிறீர்கள். மோட்டார் வேகமெடுக்கும் அந்த நொடியில் ஹேண்ட் கன்ட்ரோலரின் திரை மங்கி, அணைந்து, மறுபடி முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது. செய்த அலைன்மென்ட் எல்லாம் போயிற்று. செலஸ்ட்ரான் மவுண்டுகளில் 'நோ ரெஸ்பான்ஸ் 16' அல்லது '17' என்று வருவதும், ஸ்கை-வாட்சர் ஈக்யூ வகைகளில் பவர் விளக்கு சிமிட்டத் தொடங்குவதும் பல நேரம் இதே கோளாறின் வேறு முகங்கள்தான். மவுண்டுக்குள் இருக்கும் மோட்டார் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் மின்சாரத்தைப் பாருங்கள்.

நட்சத்திரத்தைப் பின்தொடரும்போது நடுத்தர மவுண்ட் இழுப்பது அரை ஆம்பியர் அளவுதான். வேறொரு பொருளை நோக்கி இரண்டு அச்சும் ஒருசேர முழு வேகத்தில் திரும்பும்போது, அதாவது ஸ்லூ ஆகும்போது, அது 2 ஆம்பியரைத் தாண்டும். தொலைநோக்கி சரியாகச் சமநிலையில் இல்லையென்றால் இன்னும் ஏறும். பல மவுண்டுகள் குறைந்தது 11 வோல்ட் கேட்கின்றன. ஆகவே எந்த மின்மூலத்தையும் ஒரே கேள்வியால்தான் எடைபோட வேண்டும்: ஸ்லூ நடக்கும்போது மவுண்டின் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் நிற்கிறது?

அந்தக் கேள்வியில் முதலில் தோற்பது மவுண்டுக்குள் போடும் 8 ஏஏ பேட்டரிகள். புது ஆல்கலைன் 8 சேர்ந்தால் 12 வோல்ட். கொஞ்சம் கரைந்ததும் உள்தடை ஏறி, ஸ்லூவில் சட்டென்று சரியும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி அதிக மின்னோட்டத்தை நன்றாகவே தாங்கும், ஆனால் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், 8 சேர்ந்தால் 9.6. ஏஏவை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் மின்சாரம் எட்டும் இடத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை, சரியான அடாப்டர் இருந்தால். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் பின்தொடர்தலுக்குப் போதும், ஸ்லூவில் கையை விரித்துவிடும். 5 ஆம்பியர் எடுங்கள். பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் இன்னொரு ஆபத்து: வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் சுற்று இல்லாதவை சுமையில்லாதபோது 16 வோல்ட் வரைகூடக் காட்டும். ரேடியோக்காரர்கள் பயன்படுத்தும் 13.8 வோல்ட் பவர் சப்ளை நல்ல தேர்வு; உங்கள் மவுண்டின் மேல் வரம்பு 15 வோல்ட்டா என்று மட்டும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பனி இறங்கும் இரவில் அடாப்டரைப் புல்லிலோ தரையிலோ போடக்கூடாது. காற்றோட்டமுள்ள மூடியின் கீழ், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள்.

மின்சாரம் இல்லாத வெளியிடத்தில் உண்மையான போட்டி ஈய-அமில பேட்டரிக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கும்தான். ஈய-அமிலம் முழுதாக நிரம்பி ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட். பாதி தீர்ந்தால் 12.2 பக்கம் வந்துவிடும், சுமை ஏறினால் அதற்கும் கீழே. பாதிக்குமேல் அடிக்கடி காலிசெய்தால் ஆயுள் வேகமாகக் குறையும், குளிரில் கொள்ளளவும் சுருங்கும். பாஸ்பேட் பேட்டரியோ கொள்ளளவின் பெரும்பகுதி தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது, எடையும் மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மவுண்டுக்கு அரை ஆம்பியர், லென்ஸில் பனி படியாமல் சூடாக்கும் பனி ஹீட்டருக்கு 1 ஆம்பியர், 8 மணி நேரம் என்றால் 12 ஆம்பியர்-மணி. ஈய-அமிலத்தில் இதற்கு 24 தேவை, பாஸ்பேட்டில் 15 போதும். எங்கள் ஓட்டு பாஸ்பேட்டுக்கே.

அதற்கும் இரண்டு குணங்கள் உண்டு. வோல்ட் இறங்காததால் மீட்டரைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்க முடியாது. தீர்ந்ததும் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று பட்டென்று துண்டித்துவிடும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. வாங்கும்போது 'லித்தியம் 12 வோல்ட்' என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அதே பெயரில் விற்கும் மூன்று செல் லித்தியம் அயான் பேக் முழு சார்ஜில் 12.6, பாதியில் 11 பக்கம். நள்ளிரவில் ரீசெட் ஆகும் மவுண்டுகள் பலவற்றின் பின்னால் இந்த பேக்தான் இருக்கிறது.

பவர் பேங்கும், அதனிடம் 12 வோல்ட் கேட்டு வாங்கும் டைப்-சி டிரிகர் கேபிளும் சேர்ந்த கூட்டணி சின்ன மவுண்டுகளுக்குச் சரி. ஆனால் எல்லா பவர் பேங்கும் 12 வோல்ட் தருவதில்லை. கிடைக்காவிட்டால் சில கேபிள்கள் 9-க்கு இறங்கிவிடும். குறைந்த மின்னோட்டத்தில் தானாக அணையும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு.

இத்தனையும் சரியாக இருந்து, ஒயரில் கோட்டைவிடுபவர்கள் ஏராளம். 5 மீட்டர் கேபிள் என்றால் போக வர 10 மீட்டர் செம்பு. 0.2 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரில் 3 ஆம்பியர் ஓடினால் சுமார் 2.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 0.75 என்றால் 0.7, 1.5 என்றால் 0.35. அடுத்தது பிளக். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் ஒன்றாகவே இருக்கும், உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. மவுண்ட் சாக்கெட்டின் 2.1 நடுப்பின்னில் 2.5 பிளக் நுழைந்துவிடும், ஆனால் மவுண்ட் திரும்பி ஒயர் இழுபடும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். கார் லைட்டர் பிளக்கும் அப்படித்தான். ஸ்பிரிங் தளர்ந்து மெல்ல வெளியே நழுவும். அதை வெட்டிவிட்டுப் பூட்டு உள்ள கனெக்டர் போடுங்கள். வெட்டிச் சேர்த்த பிறகு, நடுப்பின் பாசிட்டிவ்தானா என்று மீட்டரில் பார்க்காமல் மவுண்டில் செருகாதீர்கள். 5 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்கட்டும்.

எங்கே குறை என்று பிரித்தறிய, மவுண்ட் முனையில் பிளக்கை ஒட்டி மல்டிமீட்டரை வைத்து இரண்டு அச்சையும் முழு வேகத்தில் ஓட்டுங்கள். ஓய்வில் 12.4 காட்டிய மீட்டர் 10.6-க்குச் சரிந்தால், அதே ஓட்டத்தை மறுபடி செய்து பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். அங்கே 12.3 நின்றால் குற்றவாளி ஒயர். அங்கேயும் சரிந்தால் பேட்டரி அல்லது அடாப்டர். இரு முனையிலும் அசையாமல் நின்றும் ரீசெட் ஆனால், ஸ்லூ நடக்கும்போதே பிளக்கை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். அதற்கும் எதுவும் நடக்கவில்லையென்றால்தான் மோட்டார் போர்டைத் திறக்க வேண்டும்.