கதையில் காற்றைக் கெடுக்க எந்த வழி நம்பும்படி இருக்கும்?

பூமியில் இனி யாரும் மூச்சுவிட முடியாது என்று ஒரு கதையைத் தொடங்கிவிடலாம். ஏன் முடியாது என்று வாசகர் கேட்டால்தான் சிக்கல். பல கதைகள் "மரங்கள் அழிந்தன, ஆக்சிஜன் தீர்ந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை, எழுத உட்காருபவர்கள் முதலில் கைவிட வேண்டிய வழி இதுதான் என்பேன்.

கணக்கைப் பாருங்கள். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். எடை ஏறத்தாழ 12 கோடி கோடி டன். உலகத்துக் காடுகளையும் மற்ற எல்லா உயிர்களையும் மொத்தமாக எரித்துச் சாம்பலாக்கினாலும், இந்த இருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். ஒளிச்சேர்க்கை நாளைக்கே நின்றுபோனால் நாம் பட்டினியால் சாவோம். அப்போதும் நம் தலைக்கு மேல் காற்று நன்றாகவே இருக்கும்.

ஆக்சிஜன் குறைவதைத்தான் எழுத வேண்டும் என்றால் இரண்டு இடங்களில் அது பொருந்தும். ஒன்று, மிகத் தொலைவான எதிர்காலம். சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகி, காற்றில் கார்பன் டை ஆக்சைடு வற்றி, தாவரங்கள் ஒடுங்கும்போது ஆக்சிஜனும் சரியும் என்று 2021-இல் ஓசாகி, ரைன்ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதற்கு இன்னும் 100 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. இன்னொன்று, மூடிய இடம். அரிசோனாவின் பயோஸ்பியர் 2 கண்ணாடிக் கூடத்துக்குள் 1991-இல் எட்டுப் பேர் போய்த் தங்கினார்கள். உள்ளே ஆக்சிஜன் 16 மாதங்களில் 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14 சதவீதமாக இறங்கியது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டன. அந்த வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் காரணம் உடனே பிடிபடவில்லை. களவுபோகும் பொருளைச் சுவரே விழுங்கி மறைக்கிறது! எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல துப்பறியும் கரு இந்தத் துறையில் இல்லை.

ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு எச்சரிக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். மூச்சுமுட்டும் உணர்வை முக்கியமாகத் தருவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அதை வழக்கம்போல வெளியே விட முடிகிறவரை, ஆக்சிஜன் குறைந்தவர் திணறுவதில்லை. குழம்புவார், சில நேரம் உற்சாகமாகக்கூட இருப்பார், பிறகு சரிந்துவிடுவார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் காட்சி இங்கே பொருந்தாது.

கார்பன் டை ஆக்சைடு இதற்கு நேர் எதிர். தலைவலி, படபடப்பு, மூச்சிரைப்பு, அச்சம் எல்லாம் வரும். காற்றில் 4 சதவீதம் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆனால் உலகம் முழுவதும் அந்த 4 சதவீதத்தை எட்டுவதற்கு, நிலக்கரியும் எண்ணெயும் மொத்தமாக எரிந்தாலும் போதாது. மூச்சு நிற்பதற்கு வெகு முன்பே வெப்பம் நம்மை முடித்துவிடும். ஆகவே இந்த வாயுவை ஒரு பள்ளத்தாக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கேமரூனின் நியோஸ் ஏரி 1986 ஆகஸ்ட் 21 இரவில் அடியில் கரைந்திருந்த வாயுவை ஒரேயடியாகக் கக்கியது. காற்றைவிடக் கனமான அந்த வாயு சரிவில் இறங்கி ஊர்களை மூடியதில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டில் இருந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். உயிருக்கும் சாவுக்கும் நடுவே சில மீட்டர் உயரம் மட்டும் இருப்பது கதைக்குப் பெரிய பலம்.

எரிமலைக்கு ஓர் ஆண்டுக்குள் நடக்கும் கதைகள் பொருந்தும். ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவு 1783 ஜூனில் வெடித்து எட்டு மாதங்களில் ஏறத்தாழ 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடை வெளியிட்டது. புல்லில் படிந்த ஃபுளோரின் கால்நடைகளைக் கொன்றது. பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார். கந்தகப் புகைமூட்டம் ஐரோப்பா வரை போய்ச் சேர்ந்தது. அப்போதும்கூட அது கண்டங்களைத் துன்புறுத்தியதே தவிர, பூமியின் காற்றை முழுக்கக் கெடுக்கவில்லை.

பூமியின் காந்தப்புலம் தலைகீழாகி வளிமண்டலம் விண்வெளிக்குப் பறந்துவிடும் என்பதை விட்டுவிடலாம். கடைசிப் புரட்டல் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. காற்று இங்கேயேதான் இருக்கிறது.

என் தேர்வு ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜனைப் பாதியாக்க 6 கோடி கோடி டன்னை எங்கேயாவது ஒளித்துவைக்க வேண்டும். இந்த நச்சுவாயுவோ பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே ஆபத்து. உலகம் முழுவதற்கும் 60 ஆயிரம் கோடி டன் போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு வேலை! 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் யுகத்தின் முடிவில், கடல் உயிரினங்களில் பெரும்பான்மை அழிந்தபோது இப்படித்தான் நடந்திருக்கலாம் என்று புவி அறிவியலாளர் லீ கம்ப்பும் அவருடைய சகாக்களும் 2005-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். கடல் சூடாகிறது, ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாமல் போகிறது, கந்தக நுண்ணுயிரிகள் பெருகுகின்றன, வாயு மேலே வருகிறது. இன்றும் கருங்கடலில் 200 மீட்டருக்குக் கீழே இந்த வாயு தேங்கி நிற்கிறது. நமீபியக் கரையில் அது அவ்வப்போது பொங்கி மீன்களைக் கொல்கிறது.

பலவீனமும் உண்டு. காற்றில் இது சில நாட்களில் சிதைந்துவிடும். அதனால் கடல் ஓயாமல் கக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கதையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாவது பின்னணியாக இருக்க வேண்டும்.

முகமூடியையும் யோசித்துப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத காற்றில் எந்த வடிகட்டியும் உதவாது, ஆக்சிஜன் உருளையைச் சுமக்க வேண்டும். சல்பைடையும் கந்தகப் புகையையும் தகுந்த வேதி வடிகட்டியால் தடுக்க முடியும். அப்படியென்றால் வடிகட்டி யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்பதே கதையாகிவிடும்.

ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றத்தை விட்டுவிடாதீர்கள். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. காலையிலிருந்து வீசிய நாற்றம் சட்டென்று நின்றுவிட, காற்று தெளிந்துவிட்டது என்று நம்பி உங்கள் பாத்திரம் முகமூடியைக் கழற்றலாம்.