ரீமேப் செய்த டர்போ கார்: மூன்று ஆண்டு பூஸ்ட் அனுபவம்

புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போய்வரும் என்னுடைய 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் காரை ரீமேப் செய்து (கூடுதல் இழுவைக்காக எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி) மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இழுவையில் குறையே இல்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தின் கட்டுப்பாடுதான்.

இரண்டாம் ஆண்டில், தவளக்குப்பம் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது வண்டி சட்டென்று சோர்ந்து, எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த குறியீடு பி0299, அதாவது பூஸ்ட் போதவில்லை. ஒரு பணிமனையில் பானெட்டைத் திறந்த கையோடு டர்போவையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, அவ்வளவு பணம் அப்போது கையில் இல்லை. மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து, ஸ்கேனரில் அளவீடுகளைப் பதிவெடுத்துப் பார்த்தேன். ஈசியு (எஞ்சின் கணினி) கேட்டது 2.1 பார் அழுத்தம், கிடைத்தது 1.7. இது வளிமண்டல அழுத்தமும் சேர்ந்த கணக்கு என்பதால், கடலோரமான நம் ஊரில் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) 1 பார் அளவில் காட்ட வேண்டும், காட்டியது. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலனாய்டின் டியூட்டியோ, அதாவது ஈசியு அதற்குக் கொடுக்கும் கட்டளையின் அளவோ, 95 சதவீதத்தில் நின்றது. அவ்வளவு கட்டளை கொடுத்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால், டர்போவைச் சந்தேகிக்கும் முன் கசிவையும், மூடாத வேஸ்ட்கேட்டையும் (டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டுப் பூஸ்டைக் குறைக்கும் கதவு) பார்த்துவிட வேண்டும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப்போரம் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தது. காற்று நுழையும் வாயை அடைத்து, கம்ப்ரசரால் அழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்ததும் அங்கே நுரை கொப்பளித்தது. கிளிப்பை மாற்றியதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது.

சென்ற ஆண்டு வந்தது நேர்மாறான கோளாறு, பி0234, அதாவது பூஸ்ட் மிஞ்சிவிட்டது. டியூட்டி அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகும் பூஸ்ட் ஏறிக்கொண்டே போனது. ரீமேப் ஃபைலைத் திருத்தி இதை மறைத்துவிடலாம், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். ஆகவே சோலனாய்டைத் தவிர்த்து, டர்போவின் அழுத்தக் குழாயை நேராக, வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அப்படி மாட்டினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் விடும் அளவுக்கு மேல் பூஸ்ட் ஏறக் கூடாது. ஏறியது, நானும் காலை எடுத்துவிட்டேன். ஆக, பழுது மின்சாரத்தில் இல்லை, இரும்பில் இருக்கிறது. கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்குக் காற்றடித்தபோது, சீராக நகர வேண்டிய கம்பி சிக்கிச் சிக்கித் துள்ளியது. உப்புக்காற்றில் அதன் மூட்டு துருவேறியிருந்தது.

துருவை நீக்கி, வெப்பம் தாங்கும் மசகு இட்ட பிறகு பதிவில் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் என்ற இரு கோடுகளும் ஒட்டியே போகின்றன. ஐப்பசி மழை ஓய்ந்ததும் அந்தக் கம்பியை ஒருமுறை பம்ப் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.