செவ்வாய்ப்பேட்டை போர்டு சர்வீஸ்: பழைய வீடியோ கேம் பெட்டி வைத்திருப்பவர்களுக்காக

ஏற்காட்டில் எங்கள் விடுதியின் முன்கூடத்தில் நிற்கும் வீடியோ கேம் பெட்டி, என் தந்தை ஏரிக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த நாள் முதல் எங்களுடன் இருப்பது. அதற்குள் இருப்பது ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த நியோ ஜியோ வகையில், ஒரே ஒரு ஆட்டக் கேசட் மட்டும் போடக்கூடிய மின்னணுப் போர்டான எம்வி-1. கேசட், 1996-இல் வெளியான மெட்டல் ஸ்லக். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் சுவிட்சைப் போட்டபோது ஆட்டம் தொடங்கவில்லை. 'பேக்கப் ராம் எரர்' (மின்சாரம் நின்றாலும் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் ராம் சிப்பில் பிழை) என்ற வரியும் அதன் கீழே சில எண்களும் மட்டும் திரையில் நின்றன. அதைச் சரிசெய்து கொடுத்த சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையைப் பற்றி, இதுபோன்ற போர்டை எங்கே கொடுப்பது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே அமைந்த சிறிய கடை அது. பெயர்ப்பலகை கிடையாது, பட்டறைகளில் 'போர்டு பார்ப்பவர்' என்று கேட்டால் வழி காட்டுகிறார்கள். விசைத்தறி, எடைத்தராசு, ஜவ்வரிசி ஆலை எந்திரம் ஆகியவற்றின் போர்டுகளே அவருக்கு அன்றாட வேலை என்றாலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மடியில் வைத்தபடியே இறக்கிக் கொண்டுவந்த என் போர்டை, துண்டிலிருந்து பிரித்ததும் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் திருப்பித் திருப்பிப் பார்த்ததிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்கு முன் வேறோர் ஊரில் ஒருவரிடம் இதைக் கொடுத்து ஏமாந்திருந்தேன். 'ராம் எரர்' என்று இருந்ததால் ராம் சிப்பைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டார். கழற்றும் அவசரத்தில் கால்களைச் சுற்றியிருந்த செம்பு வளையங்களில் மூன்று பெயர்ந்து வந்தன. அப்படியும் அதே பிழை நிற்கவே, போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அடங்கிய புதிய போர்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் முதலில் அந்த எண்களைக் கேட்டார். எழுதியது 5555, திரும்பப் படித்தது 5500 என்று செல்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். இந்தப் போர்டின் முதன்மைச் சிப்பான 68000, ஒரே நேரத்தில் 16 பிட் எழுதும். பேக்கப் ராமோ 8 பிட் சிப்புகள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது; திரையில் தெரியும் நான்கு இலக்கங்களில் ஒவ்வொரு சிப்புக்கும் இரண்டு. பின்னிரண்டு இலக்கம் மட்டும் தவறுகிறதென்றால் ஒரு பக்கத்துச் சிப்போ அதற்குப் போகும் செம்புத் தடமோதான் குற்றவாளி, மற்றதைத் தொடவே வேண்டியதில்லை என்று விளக்கினார். புதிதாகப் போட்டிருந்த சிப்பைத் தனியே சோதித்தபோது அதில் ஒரு குறையும் இல்லை.

குறை தடத்தில்தான் இருந்தது. மின்சாரம் இல்லாத வேளையிலும் அமைப்புகளையும் காசுக் கணக்கையும் நினைவில் வைத்திருக்க இந்தப் போர்டில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் போகப் போக அதிலிருந்து கசியும் காரம் செம்பைத் தின்றுவிடும்; ஏற்காட்டின் பனிமூட்டமும் ஈரமும் அந்த வேலையை விரைவுபடுத்தியிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பச்சைப் பொடி படிந்த இடத்தை வெள்ளை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவினார். லென்ஸை என்னிடம் நீட்டி ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். போர்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இறங்கும் துளை ஒன்று, குண்டூசி முனையளவு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. சிப்புக்கு 'எழுது' என்ற ஆணையைக் கொண்டுபோகும் தடம் அந்தத் துளைக்குள்தான் அறுந்திருந்தது. மல்டிமீட்டரின் 'பீப்' ஒலியை வைத்து ஒவ்வொரு காலாகத் தேடி அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகியிருக்கிறது. தலைமுடி போன்ற காப்பிட்ட செம்புக் கம்பியால் அதை இணைத்தார். பெயர்ந்த வளையங்களுக்கும் அப்படியே செய்தார். பக்கத்துப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்பவர்களின் கைநேர்த்தியை அந்த இணைப்புகளில் கண்டேன்.

பேட்டரி இருந்த இடத்தில் மறுபடியும் பேட்டரி வைக்காமல், சற்றுத் தள்ளி ஒரு பட்டன் செல்லுக்கான கூடு பொருத்தினார். பழைய பேட்டரியை இந்தப் போர்டே சார்ஜ் செய்துகொள்ளும். பட்டன் செல்லை அப்படிச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றையும் இடையில் போட்டார். கேட்காமலேயே செய்த வேலை இது.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. போர்டு வேலை செய்யத் தொடங்கியதும் அதைக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. "பவர் சப்ளையையும் ஒயரையும் எடுத்துட்டு வாங்க தம்பி, அதைப் பாக்காம இதைக் குடுக்க மாட்டேன்" என்றார். மறுவாரம் கொண்டுபோனேன். சப்ளையில் 5.02 வோல்ட் இருந்தது. போர்டில் அளந்தால் 4.72. பெட்டியின் ஒயர்களைப் போர்டுடன் இணைக்கும் ஜாமா கனெக்டரின் 56 தொடுமுனைகளில் மின்சாரம் வரும் சில கறுத்துப்போயிருந்தன. சப்ளையைத் திருகி வோல்ட்டைக் கூட்டுவது எளிது. ஆனால் தொடுமுனை சூடேறிக் கருகிவிடும் என்று சொல்லி, அவற்றைச் சுத்தம் செய்த பிறகு அளந்தபோது 4.98 வந்தது.

குறைகளும் உண்டு. மொத்தம் பத்தொன்பது நாட்கள் ஆயின. செல்பேசியை எடுப்பதே இல்லை. இரண்டு முறை வீணாக மலையிறங்க வேண்டியிருந்தது. வாங்கி வைக்கும் போர்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். நிலைமின்னைத் தடுக்கும் உறையை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. பழைய குழாய்த் திரைகளை அவர் பார்ப்பதில்லை. கட்டணம் 3,200 ரூபாய். ஏறக்குறைய அந்த விலைக்கே புதிய பல்லாட்டப் போர்டு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அசல் போர்டில் அசல் கேசட் ஓடுவதற்கு நான் கொடுத்த இந்தத் தொகை நியாயமானது என்றே கருதுகிறேன்.

போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் செல்லுங்கள். திரையில் தெரிந்த பிழையின் படம், பவர் சப்ளை, ஒயர் ஆகிய மூன்றையும் முதல் முறையே எடுத்துச் செல்லுங்கள். கழற்றிய பழைய பேட்டரியை ஒரு காகிதத்தில் மடித்து, எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குக் கம்பி போட்டார் என்று பென்சிலால் வரைந்த படத்துடன் அவர் என்னிடம் கொடுத்தார். அந்தப் படத்தைப் பெட்டியின் பின்கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.