மெயின்டனன்ஸ் நேரத்தில் டேட்டா எவ்வளவு பத்திரம்? விசானின் மூன்று வழிகளும் செஃபின் ஒரு வழியும்

விசான் (vSAN) என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே பொதுச் சேமிப்பாக ஆக்கும் விஎம்வேர் மென்பொருள்; ஒவ்வொரு சர்வரும் ஒரு ஹோஸ்ட், எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். விசான் கிளஸ்டரில் ஒரு ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடுக்கு அனுப்பும்போது மூன்று வழிகள் கேட்கும்: ஃபுல் டேட்டா மைக்ரேஷன் (டேட்டா முழுவதையும் வேறு ஹோஸ்டுகளுக்கு நகர்த்துவது), என்ஷ்யூர் ஆக்சஸிபிலிட்டி (அணுக முடிவதற்குத் தேவையானதை மட்டும் நகர்த்துவது), நோ டேட்டா மைக்ரேஷன் (எதையும் நகர்த்தாதது). நடுவில் சொன்னதுதான் டீஃபால்ட். பேட்ச் போடும் அவசரத்தில் அதை அப்படியே விட்டு ஓகே கொடுத்துவிடுவது வழக்கம், பெரும்பாலும் ஒன்றும் ஆவதும் இல்லை. ஆனால் அது தரும் வாக்குறுதி ரொம்பச் சின்னது: இந்த ஹோஸ்ட் இறங்கினாலும் விஎம்கள் (விர்ச்சுவல் மெஷின்கள்) ஓடும், அவ்வளவுதான். அடுத்த அடி விழுந்தால் என்ன ஆகும் என்பது அதன் பொறுப்பில் இல்லை. அதனால் நான் இந்த வழிகளை ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: ஹோஸ்ட் வெளியே இருக்கும் நேரத்தில் வேறொரு ஹோஸ்டில் டிஸ்க் செத்தால், வேலை மட்டும் நிற்குமா, இல்லை டேட்டாவே போய்விடுமா?

நோ டேட்டா மைக்ரேஷனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எதையும் நகர்த்தாது, எதையும் காப்பாற்றாது. எஃப்டிடி (எத்தனை பழுதைத் தாங்க வேண்டும் என்ற எண்) 0 வைத்த ஆப்ஜெக்ட் (விஎம்மின் டிஸ்க் போன்ற ஒரு டேட்டா அலகு) அந்த ஹோஸ்டில் இருந்தால் அந்த நிமிடமே அணுக முடியாமல் போகும். மொத்த கிளஸ்டரையும் அணைக்கும் நாளுக்கு அது சரி, மற்ற நாளில் தொடாதீர்கள்.

என்ஷ்யூர் ஆக்சஸிபிலிட்டிதான் விஷயமே. பலரிடம் இருப்பது மூன்று ஹோஸ்ட், எஃப்டிடி 1, ரெய்டு-1 (டேட்டாவை அப்படியே நகலெடுத்து வைக்கும் முறை). அதாவது ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் இரண்டு ஹோஸ்டில் இரண்டு நகல், மூன்றாவதில் விட்னஸ் (டேட்டா இல்லாமல் ஓட்டு மட்டும் போடும் சாட்சி); மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால்தான் ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும். ஒரு ஹோஸ்டை இறக்கிவிட்டீர்கள், மீதி இரண்டு ஓட்டு, விஎம்கள் ஓடுகின்றன, யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் இறக்கிய ஹோஸ்டில் எந்த ஆப்ஜெக்டின் நகல் இருந்ததோ, அதற்கு இப்போது நடப்பில் இருப்பது ஒரே ஒரு நகல்; புது எழுத்தெல்லாம் அதில்தான் விழுகிறது. அந்த நேரம் பார்த்து அந்த டிஸ்க் போனால், பேட்ச் போட்ட ஹோஸ்ட் திரும்பி வந்தாலும் பிரயோஜனம் இல்லை. அதில் இருப்பது பழைய நகல், விசான் அதை நடப்பு டேட்டாவாக ஏற்காது. பேக்கப்தான் கதி. விசானின் பழைய ஓஎஸ்ஏ அமைப்பில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு கேஷ் டிஸ்க் (எழுத்தை முதலில் வாங்கும் வேகமான டிஸ்க்) போனால் அதோடு சேர்ந்த டிஸ்க் குரூப் முழுக்கப் போகும், அதாவது டேட்டா தங்கும் கபாசிட்டி டிஸ்க் ஏழு வரை ஒரே அடியில். (2022-ல் விசான் 8-உடன் வந்த புது அமைப்பான ஈஎஸ்ஏ-வில் டிஸ்க் குரூப்பே கிடையாது.)

இதைச் சரிக்கட்ட விசான் 7.0 அப்டேட் 1-ல் டியூரபிலிட்டி காம்பொனன்ட் வந்தது. ஹோஸ்ட் வெளியே இருக்கும்போது விழும் புது எழுத்துகளை இன்னொரு ஹோஸ்டிலும் தனியாக எழுதி வைக்கும்; மிச்சமிருந்த நகல் போனாலும் பழைய நகலோடு இதைச் சேர்த்து மீட்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த "இன்னொரு ஹோஸ்ட்" வேண்டுமே! மூன்றே ஹோஸ்ட் வைத்திருப்பவருக்கு இது கிடையாது, யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே இல்லை.

சரி, அப்படியானால் ஃபுல் டேட்டா மைக்ரேஷன்? பாதுகாப்பைப் பொறுத்தவரை இதில் குறை சொல்ல முடியாது. டேட்டா வெளியேறி முடியும்வரை ஹோஸ்ட் வேலையில்தான் இருக்கும், முடிந்த பிறகும் இரண்டு நகலும் முழுசாக வேறு இடத்தில் இருக்கும். விலைதான் பிரச்சினை. மூன்று ஹோஸ்டில் எஃப்டிடி 1 என்றால் இது நடக்கவே நடக்காது, நான்காவது வேண்டும். ஓஎஸ்ஏ-வில் 3+1 ரெய்டு-5 (மூன்று டேட்டாத் துண்டு, தொலைந்ததை மீட்க உதவும் ஒரு பாரிட்டித் துண்டு, நான்கு ஹோஸ்டில்) வைத்திருந்தால் ஐந்தாவது வேண்டும். இடமும் வேண்டும். அப்புறம் நேரம்: ஹோஸ்டுக்கு 10 டிபி டேட்டா, நடுவில் 10 ஜிபிபிஎஸ் நெட்வொர்க் என்று வையுங்கள், வயர் முழு வேகத்தில் ஓடினாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல். எட்டு ஹோஸ்டை வரிசையாகச் செய்தால் 80 டிபி நகர்ந்திருக்கும், காகிதக் கணக்கிலேயே கிட்டத்தட்ட 18 மணி நேரம், நிஜத்தில் விஎம் டிராஃபிக்குக்கு வழிவிட்டு இன்னும் இழுக்கும். இருபது நிமிட ரீபூட்டுக்காக வீட்டுச் சாமானையெல்லாம் லாரியில் ஏற்றி இறக்குவது போல. ஹோஸ்டை நிரந்தரமாகக் கழற்றப் போகிறீர்கள், டிஸ்க்குகளை மாற்றப் போகிறீர்கள், மதர்போர்டு வர நாள் ஆகும் என்றால் இதைத் தவிர வேறு பேச்சில்லை. மாதாந்திர பேட்சுக்கு இது வேண்டாம்.

செஃப் (Ceph, இதே மாதிரி வேலை செய்யும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் செய்வது வேறு மாதிரி. நோஅவுட் ஃபிளாகை (இறங்கிய டிஸ்க்குகளைக் கணக்கிலிருந்து நீக்காதே என்ற அமைப்பு) போட்டுவிட்டு ஹோஸ்டை இறக்குவார்கள். இல்லாவிட்டால் டீஃபால்டாகப் பத்து நிமிடத்தில் ஓஎஸ்டி-களை (டிஸ்க்குகளைக் கவனிக்கும் செஃப் புரோகிராம்கள்) அவுட் ஆக்கிவிட்டு மறுகட்டல் தொடங்கப் பார்க்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் என்ஷ்யூர் ஆக்சஸிபிலிட்டி மாதிரிதான். ஆனால் வழக்கமான சைஸ் 3 (மொத்த நகல்), மின்_சைஸ் 2 (வேலை நடக்கக் குறைந்தது இத்தனை நகல் வேண்டும்) அமைப்பில் மூன்று ஹோஸ்டிலும் முழு நகல் இருக்கிறது. ஒன்றை இறக்கினால் இரண்டு நகல் மிச்சம். அப்போது ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்த பிஜி-களுக்கு (செஃப் டேட்டாவைப் பிரித்து வைக்கும் தொகுதிகள்) ஒரே நகல்தான், மின்_சைஸ் அனுமதிக்காது, ஐஓ (படிப்பதும் எழுதுவதும்) நின்றுவிடும், சில விஎம்கள் உறையும், ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும். ஆனால் டேட்டா போகவில்லை. ஹோஸ்ட் திரும்பி வந்ததும் எல்லாம் எழும்பும். இங்கே செய்யக்கூடாதது, ஃபோன் தாங்காமல் மின்_சைஸை 1-ஆகக் குறைப்பது. அதைச் செய்த நிமிடமே மேலே சொன்ன விசான் நிலைமைக்கு நீங்களே இறங்கிப் போகிறீர்கள். நோஅவுட்டை முழு கிளஸ்டருக்கும் போடாமல் அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் போடலாம், அதுவே மேல்: வேறு எங்காவது டிஸ்க் நிஜமாகவே போனால் அதன் மறுகட்டல் தடைபடாது.

இலவசமாக வருவதில்லை இது. செஃபில் கபாசிட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும், விசான் எஃப்டிடி 1 ரெய்டு-1-ல் பாதி வரும். விசானிலும் எஃப்டிடி 2 வைத்தால் இதே நிம்மதி உண்டு, ஆனால் ரெய்டு-1-க்கு ஐந்து ஹோஸ்ட், ரெய்டு-6-க்கு (இரண்டு பாரிட்டித் துண்டு வைக்கும் முறை) ஆறு. ஆறு ஹோஸ்ட் இருப்பவர் ரெய்டு-6 போட்டு டீஃபால்ட் வழியிலேயே நிம்மதியாக பேட்ச் போடலாம் என்பது என் கட்சி. எஃப்டிடி 1 வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் முழு மைக்ரேஷன் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம், விசானின் 60 நிமிட ரிப்பேர் டைமர்: இறங்கிய ஹோஸ்டுக்காக விசான் காத்திருக்கும் நேரம். ஃபர்ம்வேர் அப்டேட் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், இடமும் ஹோஸ்டும் இருக்கும் கிளஸ்டரில் விசான் முழு மறுகட்டலைத் தொடங்கிவிடும். அதற்காக டைமரை ஏற்றுகிறவர்கள் உண்டு, தப்பில்லை, ஆனால் வேலை முடிந்ததும் இறக்கிவிடுங்கள். ஏற்றியபடியே விட்டால் நிஜமான பழுது வரும் நாளிலும் அத்தனை நேரம் கை கட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்று ஹோஸ்ட் விசான்தான், இப்போதைக்கு வேறு வழியில்லை என்பவர்களுக்கு: விசான் 6.7 அப்டேட் 3 முதல் இருக்கும் டேட்டா மைக்ரேஷன் ப்ரீ-செக்கை (ஹோஸ்டை இறக்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள், டிஸ்க் ஹெல்த்தில் மஞ்சள் எதுவும் இல்லை என்று பாருங்கள், இறக்குவதற்குச் சற்று முன்பு முக்கிய விஎம்களுக்கு பேக்கப் எடுங்கள், அந்த பேக்கப் இதே டேட்டாஸ்டோரில் உட்காரக்கூடாது. முதல் ஹோஸ்ட் மேலே வந்ததும் உடனே இரண்டாவதை இறக்காதீர்கள். ரீசிங்க் (விட்டுப்போன எழுத்துகளைப் பழைய நகலில் சேர்ப்பது) பட்டியல் காலியாகும்வரை திரும்பி வந்த ஹோஸ்டில் இருப்பது பழைய நகல்தான், மானேஜர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.