ட்ரெல்லோ: வேலை முடிந்த பிறகும் போர்டில் இருப்பவர்கள்

வேலைகளைக் கார்டுகளாக ஒரு போர்டில் அடுக்கிக் காட்டும் மென்பொருள் ட்ரெல்லோ. தூர்வாரும் ஒப்பந்தம் எடுக்கும் அலுவலகத்துக்கு அது கையடக்கமான கருவி. வாய்க்காலின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கார்டு. ‘அளவு எடுத்தாச்சு’, ‘வெட்டு நடக்குது’, ‘எம்-புக் ஏறியாச்சு’, ‘பில் போட்டாச்சு’ என்று நாலு லிஸ்ட். எம்-புக் என்பது வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம். சூப்பர்வைசர் கரையில் நின்றபடியே போனில் கார்டை அடுத்த லிஸ்டுக்குத் தள்ளிவிடுவார். சொல்லிக்கொடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை இந்த மென்பொருள் போர்டு அளவில் மட்டுமே பிரிக்கிறது. லிஸ்டுக்குத் தனிப் பூட்டு இல்லை, கார்டுக்கும் இல்லை. காசு கட்டினாலும் இல்லை.

காவிரி டெல்டாவில் இது கூடுதலாக உறுத்தும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பதற்குள் வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, அவற்றின் கிளை வாய்க்கால்கள் எல்லாம் முடிந்தாக வேண்டும். சில வாரங்களில் பொக்லைன் உரிமையாளர், லாரிக்காரர், சர்வேயர், ‘சி’, ‘டி’ என்று வகைப்படுத்தும் சிறு கிளை வாய்க்கால்களை உள்குத்தகைக்கு எடுத்தவர், கணக்குப் பிள்ளை என்று எல்லாரையும் அவசரத்தில் ஒரே போர்டில் சேர்த்துவிடுவார்கள். தண்ணீர் வந்ததும் ஆட்கள் கலைந்துபோவார்கள். போர்டில் பெயர்கள் கலையாது. அடுத்த வருடம் அதே உள்குத்தகைக்காரர் எதிரில் டெண்டர் போடும்போது, மணிக்கு இவ்வளவு என்று பொக்லைனுக்கு ஒத்துக்கொண்ட வாடகையும் டீசல் பில்லும் அவர் போனில் திறந்தே இருக்கும்.

ஆகவே வேலைக்கு ஒரு போர்டு என்று பிரிப்பதே தவறு. பார்வைக்கு ஒரு போர்டு என்று பிரிக்க வேண்டும். களத்துப் போர்டில் இடம், நீளம், முன்னும் பின்னும் எடுத்த படம், மதகு ஷட்டர் நிலை. கணக்குப் போர்டில் ரேட், எம்-புக் நகல், பில், பாக்கி. இரண்டாவதில் முதலாளி, என்ஜினியர், கணக்குப் பிள்ளை மூன்று பேருக்கு மேல் வேலையில்லை.

இனி தணிக்கை. உங்கள் போர்டுகள் எல்லாம் அடங்கிய இடம்தான் ஒர்க்ஸ்பேஸ். அதன் மெம்பர்ஸ் பக்கத்தைத் திறந்தால் உறுப்பினர்கள் தனியாகவும், ஒர்க்ஸ்பேஸில் சேராமல் போர்டுகளில் மட்டும் இருக்கும் கெஸ்டுகள் தனியாகவும் இருப்பார்கள். உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று மூடிவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் வெளியாட்கள் ஒளிந்திருப்பது கெஸ்ட் பட்டியலில். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எத்தனை போர்டில் இருக்கிறார் என்ற எண் இருக்கும். அதைத் தட்டினால் போர்டுகளின் பெயர் வரும். ஒரு எக்செல் தாளில் பெயர், போர்டு, எந்த வேலைக்காகச் சேர்த்தது, எப்போது நீக்கவேண்டும் என்று நாலு பத்தி போட்டு இதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தியை ஆளைச் சேர்க்கும் அன்றே நிரப்பினால்தான் பயன்.

நீக்கும்போது ஒரு வலை காத்திருக்கிறது. ‘ரிமூவ் ஃப்ரம் ஒர்க்ஸ்பேஸ்’ என்பதை அழுத்தினால் ஆள் ஒழிந்தார் என்றுதான் தோன்றும். அந்தப் பொத்தானுக்குக் கீழேயே சின்ன எழுத்தில் உள்ளதைப் படியுங்கள்: ஒர்க்ஸ்பேஸ் அனுமதி போகும், அவர் ஏற்கெனவே இருக்கும் போர்டுகளில் அப்படியே தொடர்வார். வாசல் சாவியை வாங்கிக்கொண்டு அறைச் சாவிகளை அவரிடமே விட்டுவிட்ட மாதிரி. உறுப்பினராக இருந்தவர் கெஸ்டாக மாறுகிறார், அவ்வளவுதான். ஆகவே முதலில் ஒவ்வொரு போர்டாகப் போய் நீக்கிவிட்டு, கடைசியில் ஒர்க்ஸ்பேஸிலிருந்து நீக்க வேண்டும். அவர் போட்ட கமெண்டுகள் போர்டிலேயே நிற்கும் என்பதால் பதிவு அழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். காசு கட்டும் பிரீமியம் திட்டத்தில் ‘டீஆக்டிவேட்’ என்று ஒன்று உண்டு. அது அந்த ஒர்க்ஸ்பேஸின் போர்டுகள் அத்தனையிலும் ஒரே அடியில் கதவை மூடும்.

அடுத்தது ஷேர் பெட்டியில் இருக்கும் அழைப்பு லிங்க். அது யார் கையில் கிடைத்தாலும், ஒரு கணக்கு வைத்திருந்தால், நேராக உறுப்பினராக உள்ளே வரலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை போட்டால் அந்த லிங்க் எங்கெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆட்களை நீக்கிவிட்டு லிங்கை அழிக்காமல் விட்டால், நீக்கப்பட்டவர் பழைய செய்தியைத் தேடி எடுத்துத் திரும்பவும் வந்துவிடுவார். எனவே முதலில் லிங்கை அழியுங்கள், பிறகு ஆளை நீக்குங்கள். அதே கையோடு போர்டு செட்டிங்ஸில் ஆட்களைச் சேர்க்கும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் சாதாரண உறுப்பினரும் தன் மச்சானை அழைத்துவரலாம். யார் யாரைச் சேர்த்தார் என்பது போர்டின் ஆக்டிவிட்டியில் பதிவாகும், ஆனால் அதைத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

போர்டின் பார்வை நிலை மூன்று வகை: பிரைவேட், ஒர்க்ஸ்பேஸ், பப்ளிக். புதிதாக உருவாக்கும் போர்டு நீங்கள் மாற்றாதவரை ஒர்க்ஸ்பேஸ் நிலையில்தான் பிறக்கிறது. கணக்குப் போர்டை அப்படி விட்டால் ஒர்க்ஸ்பேஸில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும். பிரைவேட் ஆக்குவதை மறக்கக்கூடாது. பப்ளிக் என்றால் உலகத்துக்கே, கூகுள் தேடலுக்கும் சேர்த்து. இப்படித் திறந்து கிடந்த போர்டுகளில் கடவுச்சொற்களே தேடலில் சிக்கியது 2018-இல் செய்தியானது. சோதிக்க எளிய வழி: போர்டின் முகவரியை பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டுங்கள். கார்டுகள் தெரிந்தால் போர்டு பப்ளிக்.

விலைக்கு வருவோம். இலவசத் திட்டத்தில் ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு 10 பேர், 10 போர்டு. கெஸ்டுகளும் அந்தப் பத்தில் அடக்கம். இந்த எல்லைக்குப் பயந்து நாலு பேருக்கு ஒரே லாகின் கொடுப்பது இருப்பதிலேயே மோசமான வழி. யார் எதைத் தொட்டார் என்றே தெரியாது, ஒருவரை விலக்கக் கடவுச்சொல்லை மாற்றி மற்ற மூன்று பேருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டிவரும். அதைவிட ஓட்டுநர்களுக்கு அனுமதியே தராமல் இருப்பது நல்லது. போர்டுக்கென்று உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். அதற்குப் படம் அனுப்பினால் கார்டாக வந்து விழும், அனுப்பியவர் உள்ளே எதையும் பார்க்க முடியாது. கார்டு உங்கள் பெயரில்தான் ஏறும் என்பதையும் முகவரி தெரிந்த எவரும் அனுப்பலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சீசன் முடிந்ததும் புதிய முகவரி உருவாக்கிக்கொள்ளலாம்.

ஸ்டாண்டர்ட் ஆளுக்கு மாதம் 5 டாலர், பிரீமியம் 10 டாலர், இரண்டுமே ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால். அனுமதி விஷயத்துக்காக மட்டும் ஸ்டாண்டர்ட் வாங்குவது வீண். பார்க்க மட்டும் முடிகிற அப்சர்வர் நிலை, கெஸ்டுகளை யார் அழைக்கலாம் என்ற கட்டுப்பாடு, டீஆக்டிவேட் மூன்றும் பிரீமியத்தில்தான். காசு கட்டும் திட்டங்களில் ஒரே ஒரு போர்டில் இருக்கும் கெஸ்டுக்குக் கட்டணமில்லை. இரண்டாவது போர்டில் சேர்த்த உடனே அவருக்கும் பில் வரும். போர்டு நிறைய உள்குத்தகை ஆட்கள் இருக்கும் அலுவலகம் இதைக் கவனிக்காவிட்டால் ஜூன் மாத பில் கையைக் கடிக்கும். ஐந்தாறு பேர் மட்டும் உள்ள அலுவலகம் இரண்டு போர்டு முறையோடு இலவசத்திலேயே ஓட்டலாம்; இருபது பேர் வந்துபோகும் இடத்தில் பிரீமியம் வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது.

ட்ரெல்லோவால் அடைக்க முடியாத ஓட்டைகளும் உண்டு. உறுப்பினராக இருக்கும்போது போர்டை ஜேசன் (JSON) என்ற தரவுக் கோப்பாக ஒருவர் இறக்கிக்கொண்டால், பிறகு நீக்கி என்ன பயன்? கார்டில் ஒட்டிய கூகுள் டிரைவ் லிங்க் அதைவிட மோசம். அந்தக் கோப்பின் அனுமதி டிரைவிடம் இருக்கிறது. ‘லிங்க் உள்ள எவரும்’ என்று அங்கே வைத்திருந்தால் போர்டிலிருந்து தூக்கப்பட்டவரும் எம்-புக் நகலைத் திறப்பார். போர்டைத் தணிக்கை செய்யும் அன்றே கணக்குப் போர்டின் டிரைவ் லிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றி, மூன்று மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் சேர்த்துவிடுங்கள்.