கேரவன் வண்டி ஆடுகிறதா? ஸ்பிரிங் பிளேட் கூட்டச் சொன்னால் முதலில் எடை மேடைக்குப் போங்கள்

குமரி மாவட்டத்தில் டெம்போ டிராவலரைக் கேரவனாகக் கட்டி வைத்திருப்பவர்களும், கட்டலாம் என்று நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். "வண்டி ஆடாமல் நிற்கும்" என்று சொல்லி என்னிடம் 84,000 ரூபாய் வாங்கிய இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நோட்டீஸ் போயிருக்கிறது, அது தனியாக நடக்கட்டும். என்ன வேலை செய்தார்கள், அதில் எங்கே ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சினிமாக்காரர்களின் கேரவன் இல்லை எங்களுடையது. பின்பக்கம் கட்டில், ஓரமாகச் சமையல் மேடை, கட்டிலுக்கு அடியில் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் பலகை. ஊருக்குள் ஒழுங்காகத்தான் ஓடும். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, காவல்கிணற்றில் நாற்கரச் சாலை ஏறி வடக்கே திரும்பினால்தான் வினை. ஆனி, ஆடியில் முப்பந்தல் பக்கம் அடிக்கிற மேல்காற்று நம்மூர்க்காரர்களுக்குத் தெரியாததில்லை. அத்தனை காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்று வண்டியின் விலாவில் நேராக அடிக்கும். ஒரு பஸ் முந்தினால் முதலில் அந்தப் பக்கம் தள்ளும், அப்புறம் இந்தப் பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருத்தித் திருத்தி வள்ளியூர் போய்ச் சேர்வதற்குள் தோள் கழன்றுவிடும்.

இதைச் சொல்லித்தான் அந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். முதலாளி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில்கூடப் பார்க்கவில்லை. "சாரே, பின்னாடி ரெண்டு பிளேட் கூட்டணும். நாலு ஷாக்கும் புதுசு போடணும். அலைன்மென்ட், அடிக்குக் கோட்டிங். பொறவு காத்தாவது கீத்தாவது, வண்டி அசையாது" என்றார். பிளேட் என்றால் சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கின் இரும்புப் பட்டை; ஷாக் என்றால் அதன் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பர்; அலைன்மென்ட் என்றால் சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. வண்டியில் என்ன இருக்கிறது, தொட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு எடை, எதுவும் கேட்கவில்லை.

திரும்பக் கொடுத்தபோது வண்டி பின்னால் இரண்டு விரல் தூக்கி நின்றது. காவல்கிணறு தாண்டியதும் முன்னைவிட மோசம். முன்பு காற்று தள்ளினால் வண்டி கொஞ்சம் போய்த் திரும்பி வரும். இப்போது தள்ளிய பக்கமே போகப் பார்த்தது. தக்கலை ரோட்டுப் பள்ளங்களில் பின்பக்கம் குதித்ததில் சமையல் மேடையின் இழுப்பறைகள் திறந்து பாத்திரமெல்லாம் தரையில். போய்க் கேட்டால், "பிளேட் செட் ஆகணும், ஓட்டுங்க" என்றார்கள். மறுபடி போனபோது, "பெரிய வண்டி ஓட்டிப் பழக்கம் உண்டா?" என்று என்னையே கேட்டார்கள்.

கடைசியில் லாரி வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. "எடை போட்டியா மக்கா?" என்றார்.

எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டியாக ஒன்று, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒன்று. இந்த மூன்று சீட்டும் இல்லாமல் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவே கூடாது என்றார். அவர் தரையில் சாக்பீஸால் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். முன் ஆக்சிலுக்கும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) பின் ஆக்சிலுக்கும் நடுவே நாலு மீட்டர் இருக்கட்டும். 200 கிலோ தண்ணீர், பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்குகிறது. பின் ஆக்சிலில் ஏறுவது 200 அல்ல, 250 கிலோ. மிச்ச 50 கிலோ முன் சக்கரத்திலிருந்து கழன்று வருகிறது. வால் கனத்து, தலை லேசாகிவிட்டால் ஸ்டீயரிங் எப்படிப் பிடிக்கும்? அதற்கு மேல் பிளேட்டைக் கூட்டிப் பின்பக்கத்தைத் தூக்கினால், முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, அதாவது காஸ்டர் கோணமும் குறைகிறது. வளைத்த ஸ்டீயரிங் தானாக நேராவது அந்தக் கோணத்தால்தான். ஆக, காசு கொடுத்து நோயை வளர்த்திருக்கிறோம்.

அப்புறம் அடியில் படுத்துப் பார்த்தார். 'புது' ஷாக்குகளில் இரண்டில், மாட்டும் இடத்து ரப்பர் வளையத்தின் (புஷ்) மேலேயே பெயின்ட் தெறித்திருந்தது. பெட்டியிலிருந்து வந்த ஷாக்கில் ரப்பருக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. சுரண்டினால் உள்ளே பழைய துரு. கூட்டிய பிளேட்டுகளும் வேறு வண்டியிலிருந்து கழற்றி நிறம் பூசியவை. பிளேட்டை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் பழையதையே திருகியிருக்கிறார்கள். அலைன்மென்ட் சீட்டில் வண்டி எண் இல்லை, வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று போட்ட அளவுகள் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எல்லா டயரிலும் ஒரே காற்று. கதவு ஓரம் ஒட்டியிருக்கும் அளவை யாரும் பார்த்த மாதிரியே இல்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது கோட்டிங்கில்தான். முட்டம், குளச்சல் கடற்கரை ஓரம் நிறுத்திப் பழகிய வண்டிக்கு உப்புக்காற்றுத் துருதான் முதல் எதிரி. நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி, கம்பி பிரஷால் துருவை எடுத்து, காயவிட்டு, பிறகு பூச வேண்டும். இவர்கள் துருவின் மேலேயே கறுப்பை அடித்து, சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) தண்ணீர் வடிய வைத்திருக்கும் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மேலே பளபளப்பாகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் அரிக்கும்.

சரி, எது உண்மையான கோளாறு? ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்கள் தேய்ந்து ஆடின, முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் (டை ராட் எண்ட்) ஒன்றில் லூஸ் இருந்தது. இரண்டையும் மாற்றி, தொட்டியை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே கொண்டுவந்து, கூட்டிய பிளேட்டுகளைக் கழற்றி, எடைச் சீட்டைப் பார்த்துக் காற்று நிரப்பி, அலைன்மென்டை என் கண்ணெதிரே வைத்தார்கள். முதலில் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. காற்று இன்னும் தள்ளத்தான் செய்கிறது. பெட்டி மாதிரி உயரமான வண்டியை அது தள்ளாமல் விடாது. ஆனால் இப்போது ஸ்டீயரிங் தானாக நேராகிறது.

நீங்கள் வேலைக்கு விடும்போது கழற்றிய பழைய சாமான்களைக் கையில் கேளுங்கள். டயரும் மாற்றுகிறார்கள் என்றால் பக்கவாட்டில் DOT (டாட்) என்று தொடங்கும் எழுத்தின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. வண்டி எண், சாமான் பெயர், ஜிஎஸ்டி எல்லாம் போட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். என் கையில் பில் இருந்ததால்தான் இவ்வளவு தூரமாவது போக முடிந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். அதற்கு அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பெயின்ட் அடித்த ஷாக் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. நோட்டீஸுக்குப் பதில் வந்தால் அதையும் எழுதுகிறேன்.