ரூக்வுட்டா, ரோஸ்வில்லா, மெக்காயா?

பழைய அமெரிக்க மெருகுப் பீங்கானை வாங்கி விற்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் மூன்று பெயர்களும் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்தவை. 1880-இல் சின்சினாட்டியில் தொடங்கிய ரூக்வுட், 1954-இல் மூடிய ரோஸ்வில், 1990 வரை ஓடிய மெக்காய். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோஸ்வில் கம்பெனி ரோஸ்வில் ஊரில் தொடங்கினாலும் பக்கத்து சேன்ஸ்வில்லுக்குப் பெயர்ந்துவிட்டது. ரோஸ்வில் ஊரில் இருந்தது மெக்காய். ஆகவே விற்பவர் 'இது ரோஸ்வில்' என்றால், ஊரைச் சொல்கிறாரா கம்பெனியைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கைமுதல் குறைவாக இருப்பவர் எதில் இறங்கலாம்? என் ஓட்டு ரூக்வுட்டுக்கு. ஓவியர்கள் தீட்டிய ஜாடிகளைச் சொல்லவில்லை. அங்கே வேலை செய்த ஜப்பானிய ஓவியர் ஷிராயமதானி போன்றோர் கைபட்டவை பெரிய ஏலக்காரர்களின் ஆட்டம். ஒரே வண்ணத்தில், அச்சில் வார்த்த சாதாரண ஜாடிகளே போதும். அடியைத் திருப்பினால் ஜாதகமே இருக்கும். முதுகோடு முதுகு சேர்ந்த ஆர், பி எழுத்துகள். அவற்றைச் சுற்றித் தீச்சுடர்கள். 1887-இல் ஒரு சுடர், பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி 1900-இல் பதினான்கு. 1901 முதல் சுடர்களுக்குக் கீழே ரோமன் எண். 28 என்று ரோமன் எண்ணில் இருந்தால் 1928. வடிவ எண்ணும் அங்கேயே இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மெருகை அறுத்து ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தால், குறையுள்ளது என்று தொழிற்சாலையே ஒதுக்கியது. குறை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விலை இறங்கும்.

ரோஸ்வில் கண்ணைப் பறிக்கும். பைன்கோன், மக்னோலியா என்று பூவும் காயும் புடைத்து நிற்கும். பெயரைச் சொன்னாலே வாங்க ஆள் வரும். பைன்கோனில் நீலத்துக்குப் பழுப்பைவிட மவுசு அதிகம். ஆனால் சிக்கலும் இங்கேதான். 1990-களில் சீனாவில் வார்த்த போலிகள் குவிந்தன. பிற்கால அசலில் எழுத்து புடைத்து, 'ரோஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று இருக்கும். கீழே 91-8 போல ஓர் எண், பின்பாதி அங்குலக் கணக்கு. புடைத்த எழுத்தில் யு.எஸ்.ஏ. இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். அதற்காக அது இல்லாததெல்லாம் போலி என்று தள்ளிவிட முடியாது: முந்தைய ஜாடிகளில் எழுத்து குழிந்து வெறும் 'ரோஸ்வில்' என்றிருக்கும், சிலவற்றில் காகிதச் சீட்டு மட்டும் ஒட்டியிருந்து உதிர்ந்திருக்கும். அதனால் அளவு நாடாவையும் எடுங்கள். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தால், மண் காய்ந்தும் சூளையில் வெந்தும் சுருங்கும். நகல் எப்போதும் கொஞ்சம் குட்டையாகவே வரும்.

மெக்காய் மலிவு, எங்கும் கிடைக்கும். பூந்தொட்டி வாங்கி விற்றால் பார்சல் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். கனமான பீங்கானுக்கு இரட்டைப் பெட்டி வேண்டுமே. காசு பார்க்க வேண்டுமானால் பொம்மை உருவில் வார்த்த பிஸ்கட் ஜாடிதான். அதிலும் போலி முத்திரைகள் உண்டு. மூடி அந்த ஜாடியுடையதுதானா என்று பொருத்திப் பாருங்கள்.

எதை வாங்கினாலும், நம்மூரில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதையே செய்யுங்கள். கணீரென்றால் சரி, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். மெருகில் மட்டும் ஓடும் சிலந்திவலைக் கோடுகள் வேறு. அவை வயதால் வருபவை, ரூக்வுட்டில் கூடப் பொறுத்துக்கொள்வார்கள். ஒட்டுப்போட்ட இடம் புற ஊதா விளக்கில் தனி நிறத்தில் தெரியும்.

விலை போடும்போது, கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ரோஸ்வில்லின் பழைய உச்ச விலையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், மெக்காய் பிஸ்கட் ஜாடி வாங்கி வந்த கையோடு சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கண், உதடு, தொப்பி நிறமெல்லாம் பல ஜாடிகளில் சூளையில் சுடாமல் மெருகின் மேல் பூசிய பெயின்ட். ஒரே கழுவலில் முகமும் போகும், விலையும் போகும்.